கவிதை வாசித்துத் திறக்கவும்

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே மாணவிகளுக்கான புதிய கழிப்பறை உரிய தரத்தில் கட்டி முடிக்கப்பட்டு, உரிய முறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பழையதை இடித்துவிட்டார்கள். புதியதைக் கட்ட இடம் வேண்டுமல்லவா? கல்வெட்டும் பதித்து, அதற்குப் பட்டுத் திரையும் போட்டாயிற்று. திறந்து வைக்க வேண்டிய பள்ளிக் கட்டடச் சிறப்பு அலுவலர் யேசுரத்தினம் அவர்களுக்குத் தேதி மட்டும் அமையவில்லை. ஓணம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. திரை வெளுத்துப்போய் ஒரு முறை மாற்றப்பட்டது.

இந்த இடைக்காலத்தை மாணவிகள் தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள். தலைமையாசிரியர் செல்வதாஸ் காலைக் கூட்டத்தில் இதை 'மாணவியரின் மேலான ஒத்துழைப்பு' என்று பாராட்டினார்.

அப்படி ஒத்துழைத்தவர்களில் ஒருத்தி ரேஷ்மி. பதினொன்றாம் வகுப்பு. அவள் பேசுவது அவளுக்கே சரியாகக் கேட்காது. வருகைப் பதிவின்போது அவள் சொல்லும் 'உள்ளேன் ஐயா' மேசை வரைக்கும் போய்ச் சேராததால், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பல நாள் வராதவளாக இருந்திருக்கிறாள். வாயில் வராததையெல்லாம் கவிதையாக எழுதிப் பார்ப்பாள். படிக்கிற ஒரே ஆள் பக்கத்தில் உட்காரும் இந்துஜா.

"ஏட்டி, கொண்டுபோன தண்ணி அப்படியே திரும்பி வந்திருக்கு? என்னத்துக்கு இதைப் போட்டுச் சுமக்கிய?" என்று அம்மா ஓமனா கேட்பாள். ரேஷ்மி அதை முருங்கை மூட்டில் ஊற்றுவாள்.

மாசி மாதம் இந்துஜாவுக்கு நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பார்க்கப் போன ரேஷ்மி, அன்று எழுதிய கவிதையைக் காட்டினாள். இந்துஜா படித்துவிட்டு, "இதை மைக்குல சொல்லணும் மக்கா" என்றாள்.

"மைக்கைப் பாத்தாலே எனக்குத் தொண்டை அடைச்சிரும்."

"எனக்கு வேற எங்கயெல்லாமோ அடைச்சிட்டு. நீ சொல்லு."

இந்தச் சமயத்தில்தான் தேதி கிடைத்தது. செல்வதாஸ் ரேஷ்மியை அழைத்தார்.

"நீ கவிதை எழுதுவியாமே? இந்துஜா சொல்லி விட்டிருக்கா. ஒரு வரவேற்புக் கவிதை வேணும். சார் பேரு நாலு இடத்துல வரணும். சூரியன் ஒரு தடவை, நிலா ஒரு தடவை."

அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் படித்து முகம் சுளித்தார். "இதுல 'கழிப்பறை'ன்னு ஒரு வார்த்தை வருதே."

"அதைத்தானே சார் திறக்கப் போறோம்?" அவர் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்துத்தான் இதைக் கேட்க முடிந்தது.

"அதுக்காக? பெரியவங்க இருக்க மேடை. 'தூய்மை மாளிகை'ன்னு போடு."

"மாளிகையில யாரு குடியிருக்கான்னு கேக்க மாட்டாங்களா சார்?"

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கைதான் தட்டுவாங்க. நான் எத்தனை மேடை பாத்தவன்!"

விழா நாள் வந்தது. சிறப்பு அலுவலர் அன்று காலையிலேயே சிதறாலில் ஒரு நிழற்குடையையும், வழியில் ஒரு சுற்றுச்சுவரையும் திறந்துவிட்டு வந்திருந்தார். போன இடமெல்லாம் இளநீர்க் கருக்கு வெட்டிக் கொடுத்தார்கள். இளநீரை மறுத்தால் ஊரையே மறுத்தது போலாகும் என்பதால் அவர் எதையும் மறுக்கவில்லை. இங்கே வந்ததும் செல்வதாஸ் இன்னொன்றை நீட்டினார். அதையும் குடித்துவிட்டு, அலுவலர் அவர் காதில் கேட்டார்:

"இங்க… பக்கத்துல… வசதி ஏதாவது?"

"நல்ல வசதி இருக்கு சார். டைல்ஸ் போட்டது. ஆனா சார் திறந்து வச்சாத்தான்."

"அப்ப இப்பவே திறந்திருவோமே."

"திறப்பு கடைசியில வருது சார். வரவேற்பு, பொன்னாடை, அறிக்கை, கவிதை, வாழ்த்துரை எல்லாம் முடிஞ்ச பொறவு."

"யாரு இப்படிப் போட்டது?"

"சார்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க."

தன் கையெழுத்தை மீறிப் பழக்கமில்லாத அலுவலர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். பிறகு காலை மாற்றிப் போட்டார். அறிக்கை நீண்டது. பள்ளி தோன்றிய வரலாறு சொல்லப்பட்டது.

ரேஷ்மியை அழைத்தார்கள். மைக்குக்கு முன்னால் நின்று "வருக வருக, வான்சூரியனே" என்றாள். பின்வரிசையிலிருந்து, "ஒண்ணும் கேக்கல்ல மக்கா!" என்று சத்தம் வந்தது. கூச்சத்தில் அவள் பார்வையைத் திருப்பியபோது அலுவலரின் முகம் தெரிந்தது. நெற்றியில் வியர்வை. பற்களைக் கடித்திருந்தார். கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன.

அவளுக்கு அந்த முகம் தெரியும். கடைசிப் பீரியடில் அவள் வகுப்புப் பெண்கள் எல்லாருக்கும் அந்த முகம்தான்.

கையில் இருந்த தாளை மடித்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிய கவிதையைச் சொல்லத் தொடங்கினாள். குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா காலையில் நிரப்பிய தண்ணீர்
மாலையில் முருங்கைக்கு.
முருங்கை நன்றாகத் தழைக்கிறது.

கணக்கு வகுப்பில் நான் எண்ணுவது
மணி அடிக்க
இன்னும் எத்தனை நிமிடம் என்று.

புதுச் சுவர், புதுக் கதவு, புதுப் பூட்டு.
உள்ளே ஒரு சிலந்தி குடியேறிவிட்டது.
அதற்கு மட்டும்
யார் வந்து ரிப்பன் வெட்டினார்கள்?"

அலுவலரின் கண்களில் நீர் வழிந்தது. சபை சிலிர்த்தது. கவிதை கேட்டு அழுத அதிகாரியை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. அவர் எழுந்தார். வாழ்த்துரை பாக்கி இருப்பதைச் செல்வதாஸ் நினைவூட்டுவதற்குள், தட்டிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, ரிப்பனை நெஞ்சாலேயே அறுத்து, உள்ளே போய்விட்டார். புகைப்படக்காரர் வாசலில் நின்றுவிட்டார்.

திரும்பி வந்தவரின் முகத்தில் ஞானியின் அமைதி இருந்தது. "கவிதைக்கு இவ்வளவு சக்தி உண்டுன்னு நான் இன்னைக்குத்தான் உணர்ந்தேன்" என்றார். சபை கை தட்டியது. மாணவிகள் மட்டும் தட்டவில்லை. அவர்கள் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அலுவலர் நன்றி மறவாதவர். மாவட்டத்தில் இனி எந்தப் பள்ளிக் கழிப்பறையும் கவிதை வாசித்த பிறகே திறக்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். கவிதை வாசிக்கப்படாமல் ஏற்கெனவே திறக்கப்பட்டவை, முறைப்படி மூடப்பட்டு மீண்டும் திறக்கப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மறுநாளே பூட்டு விற்பனை கூடிற்று. ஜிப்பா விற்பனையும் கூடிற்று. எல்.ஐ.சி. ஏஜென்டுகளும் கல்யாண மண்டபக்காரர்களும் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆனாலும் எல்லாப் பள்ளிக்கும் ரேஷ்மிதான் வேண்டியிருந்தது. அவளுக்கோ ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஃபோன் வந்தது. கீரிப்பாறை போகிற வழியில் ஒரு பள்ளியில் படிக்கும் அஜிஷா என்ற சிறுமி.

"அக்கா, நீங்க எப்பம் வருவீங்க? நல்லாத் திறந்து கெடந்ததைப் பூட்டிப் போட்டுட்டாவ. நாங்க ரப்பர்த் தோட்டத்துக்குள்ள போறோம். அட்டை கடிக்குது."

ரேஷ்மி கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடினாள். யாரோ ஓர் அதிகாரிக்காகத் தான் காத்திருந்தது போல, இப்போது தனக்காக ஒரு பள்ளியே காத்திருக்கிறது.

"உங்க ஹெச்.எம். பக்கத்துல இருக்காரா? ஃபோனை ஸ்பீக்கர்ல போடு மக்கா. கவிதையை இப்பமே வாசிக்கேன்."

போட்டாள். ரேஷ்மி நெஞ்சு நிறைய மூச்செடுத்து வாசித்தாள்:

"திறங்க!"

அந்தத் தலைமையாசிரியர் சுற்றறிக்கையை எடுத்துப் படித்துப் பார்த்தார். கவிதை வாசிக்கப்பட்டுவிட்டது என்பதை மறுக்க முடியாததால் திறந்துவிட்டார். செய்தி பரவி, எல்லாப் பள்ளியிலும் மாணவிகள் அந்தக் கவிதையை வாசிக்கத் தொடங்கினார்கள். உடனே சுற்றறிக்கைக்குத் திருத்தம் வந்தது: கவிதை என்பது பதினாறு வரிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

ரேஷ்மி பதினாறு வரியில் எழுதினாள். பதினாறு வரியிலும் அதே சொல். பெண்கள் வாசலில் கூடி ஒரே குரலில் வாசித்தபோது சில பள்ளிகளில் ஐந்தாவது வரியிலேயே பூட்டு திறந்தது. மாவட்டத்தில் எல்லாக் கதவும் திறந்தாயிற்று.

கவிதையின் ஓசைநயத்தைத் துறை வெகுவாகப் பாராட்டி, ஆண்டுத் தேர்வுத் தமிழ் வினாத்தாளிலேயே சேர்த்தது. 'திறங்க என்று கவிஞர் பதினாறு முறை கூறுவதன் காரணம் யாது?'

'பூட்டியிருந்தது' என்று ரேஷ்மி எழுதினாள். மதிப்பெண் பூஜ்யம். விடைக்குறிப்பில் இருந்தது 'மனக்கதவு'.

அவள் செல்வதாஸின் அறைக்குப் போய், வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "சார், அந்தக் கவிதையை எழுதினதே நான்தான்!" என்றாள்.

"அது தெரியும் மக்கா" என்றார் அவர் பரிவோடு. "எழுதினது நீதான். அதுக்குப் பொருள் என்னன்னு முடிவு செய்யுறது நீயா?"