நாறும்பூக்குமாரசாமி

"யார் என்ன சொன்னாலும் சரி, எம்மவன் பேரு நாறும்பூநாதன்தான்" என்றான் விஜயசங்கர்.

"எங்கப்பா பேரு முத்துக்குமாரசாமியத்தான் வைக்கோம்னு அவுகட்ட சொல்லியாச்சு மாப்ளே. அவுக ஊரெல்லாம் சொல்லிட்டாவ" என்றான் மனைவியின் அண்ணன் விஸ்வநாதன்.

இலஞ்சி முருகன் கோயிலில் பத்தரைக்குப் பெயர் சூட்டல். மணி இப்போதே ஒன்பதரை. விஜயசங்கரின் அப்பா நாறும்பூநாதன், இலத்தூரிலிருந்து வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு கிளம்பிவிட்டார். சம்பந்தி பெயர் ஜெயித்தது என்று தெரிந்தால் வேனை அப்படியே திருப்பிவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் மகனோடு பேச்சு கிடையாது.

பூவா தலையா போட விஸ்வநாதன் ஒப்பவில்லை. பெங்களூரில் போக்கர் சீட்டாட்டம் பழகியவன். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. மொத்தம் ஏழில் யாருடைய ஐந்து உசத்தியோ, அவன் சொல்வதே பெயர். பொதுவான ஆள் வேண்டுமென்று பக்கத்து வீட்டுத் துல்கர்னைனை மாடிக்குக் கூப்பிட்டுச் சீட்டுப் போடச் சொன்னார்கள்.

முதல் ஆட்டம். விஜயசங்கர் கையில் ஏஸ், ராஜா. விஸ்வநாதன் கையிலும் ஏஸ், ராஜா. நடுவில் கிடந்தவை யாருக்கும் உதவவில்லை.

"என்னோடது ரெண்டும் ஸ்பேடு. இலத்தூர்ல ஸ்பேடுதான் பெருசு!" என்றான் விஜயசங்கர்.

"போக்கர்ல அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி" என்றான் துல்கர்னைன். "டை, ரெண்டு பேரும் சமம். நடுவுல வச்சத ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடணும்."

நடுவில் வைத்திருந்தது பெயர். அதையும் பாதியாக்கிப் பார்த்தார்கள்.

"நாறும்பூக்குமாரசாமி" என்று விஸ்வநாதன் உரக்கச் சொன்னான். உடனே முகம் மாறியது. "எங்கப்பா ஏன் பின்னால வாராவ?"

"சரி, முத்துநாதன்."

சொன்ன பிறகுதான் விஜயசங்கருக்கே உறைத்தது. "அய்யய்யோ, எங்கப்பாவ வால்லயா கட்டுதோம்? அது முடியாது மச்சான்."

ஆக, மறுபடி ஆட்டம். பங்கு பிரியாததால் பந்தயமும் ஏறியது. ஜெயித்தவனுக்கு இரண்டாவது பிள்ளையின் பெயரும் சேர்த்து. கீழே பிள்ளையோடு இருந்த விஜயசங்கரின் மனைவி ஸ்ரீமதியை யாரும் கேட்கவில்லை.

இந்த முறை நடுவில் ஏஸ், ராஜா, ஜாக்கி, எட்டு, நாலு. இருவரும் ஆளுக்கொரு ஏஸ் காட்டினார்கள். விஸ்வநாதனின் மற்றொரு சீட்டு ஏழு. விஜயசங்கருக்கு வெறும் மூன்று.

"ஏழுதான் பெருசு! முத்துக்குமாரசாமி!" என்று விஸ்வநாதன் குதித்தான்.

"உக்காருங்க அண்ணாச்சி. ரெண்டு ஏஸ், ராஜா, ஜாக்கி, எட்டு. அஞ்சு முடிஞ்சுது. ஆறாவது சீட்டு செல்லாது. டை."

"சீட்டுலதான் கோளாறு" என்றான் விஜயசங்கர். "புதுக் கட்டு எடுத்துட்டு வாலே."

துல்கர்னைன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். மூன்றாவது பிள்ளையும் பந்தயத்தில் ஏறியது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

நடுவில் பத்து விழுந்தது. ஜாக்கி. ராணி. ராஜா. கடைசியில் ஏஸ்.

விஸ்வநாதன் தலையில் கைவைத்தான். வரிசையாக விழுந்த அந்த ஐந்தைவிடப் பெரியது இருவர் கையிலும் இல்லை. பொதுச் சீட்டு ஐந்துமே இருவருக்கும் ஆட்டம். மறுபடியும் டை.

ஸ்ரீமதி பிள்ளையோடு மாடியேறி வந்தாள். "வேன் வந்துட்டு. என்ன பேரு?"

சம்பந்தி பெயரும் இல்லையென்றால் அப்பா முறைத்துவிட்டுக் கேசரி சாப்பிட்டுவிடுவார் என்று விஜயசங்கருக்குத் தோன்றியது. அவனுக்கு உயிர் வந்தது. "நீயே வை, தாயி. யாருக்கும் தோல்வி வேண்டாம்."

"ஆமா, நீயே சொல்லு" என்றான் விஸ்வநாதன்.

"நானா? எனக்கென்ன தெரியும்…" என்று தயங்கினாள் ஸ்ரீமதி. "நிலவன்னு வைப்போமா?"

இருவரும் தலையாட்டிவிட்டு வேனை வரவேற்கக் கீழே ஓடினார்கள்.

துல்கர்னைன் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே ஸ்ரீமதியிடம் சொன்னான்: "நீங்க சொன்னாப்ல நாலாவது டைக்கும் சீட்ட அடுக்கி வச்சிருந்தேங்க்கா, அதுக்குள்ள ரெண்டு பேரும் பணிஞ்சிட்டாவளே!"