நான் தைத்த முதல் கழுத்து

இருபது வருடம் அடுத்தவர் தைத்த துணியில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் மெர்ச்சன்டைசர் வேலை. குழந்தைகள் டி-ஷர்ட் சாம்பிள் மேஜைக்கு வரும். கழுத்தை இரண்டு கையாலும் இழுப்பேன், டேப் வைத்து அளப்பேன், "இழுப்பு போதாது, தலை நுழையாது, திருத்தி அனுப்பவும்" என்று எழுதுவேன். எழுதிவிட்டு டீ குடிப்பேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது அந்த ஆபீசை மூடினார்கள். (மற்ற ஆபீஸ்களில் வயதைக் கேட்டுவிட்டு, டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.) ஆறு மாதம் வீட்டிலிருந்த பிறகு தையல் கற்பது என்று முடிவு செய்தேன். திருப்பூர் ராயபுரத்தில் ஜெபா என்பவர் எட்டு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் அவர் தைத்த சாம்பிளை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் அதை மறக்கவில்லை.

"வாங்க சார். நான் திருப்பி அனுப்ப மாட்டேன், பயப்படாதிய" என்றார்.

கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டைக்கு ரிப் என்று பெயர். அதை வைப்பது கேட்பதற்கு எளிது. ரிப் துண்டைக் கழுத்து வட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக வெட்டி, சமமாக இழுத்துக்கொண்டே ஓவர்லாக் மிஷினில் ஓட்ட வேண்டும். அந்தத் தையல் துணியோடு சேர்ந்து விரியும். அவ்வளவுதான். என் முதல் கழுத்து கொட்டாவி விட்டது. இரண்டாவது அப்பளம் மாதிரி அலையலையாக நெளிந்தது. ஐந்தாவதில், மிஷினில் இருக்கும் கத்தி சட்டையின் முதுகையும் சேர்த்து வெட்டிவிட்டது. இருபது நாளில் ஒரு மூட்டை நிறைய வேஸ்ட். ஒவ்வொன்றையும் ஜெபா தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "சார், இதுல ஒரு தலையில்ல, ஒரு குடும்பமே நுழையலாம்."

அப்போது என் மகள் தர்ஷினி நான்காம் வகுப்பு. பள்ளி விளையாட்டு விழாவுக்கு மஞ்சள் டி-ஷர்ட் வேண்டும் என்றாள்.

"அப்பாவே தைச்சுத் தர்றேன் கண்ணு" என்றேன்.

"கடையில வாங்கிக்கலாமுங்க. உங்களுக்கு இன்னும் கை படியலீங்க" என்றாள் மனைவி கவிதா.

அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. ஜெபாவிடம் சொல்லாமல், வீட்டில் தலையணை உறை தைக்க வைத்திருந்த பெடல் மிஷினில் உட்கார்ந்தேன். அதன் நேர்த்தையல் ஒரு நூலளவுகூட விரியாது. இதை இருபது வருடமாகப் பலருக்கும் விளக்கி எழுதியவன் நான். ஆனால் அன்று எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று, கழுத்து தொளதொளவென்று ஆகிவிடக் கூடாது. ரிப்பை இரண்டு அங்குலம் கூடுதலாகக் குறைத்து வெட்டினேன். கெட்டி நூலில் ஒரு சுற்று. பிரிந்துவிட்டால்? இன்னொரு சுற்று.

அலை இல்லை, கொட்டாவி இல்லை. காம்பஸ் வைத்து வரைந்த வட்டம் போலப் படிந்து உட்கார்ந்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. அவளை அசத்த வேண்டுமாம்.

கவிதாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மைதான ஓரத்தில் நான்தான் மகளுக்கு அதை மாட்டினேன். கைகள் நுழைந்தன. உச்சந்தலை வெளியே வந்தது. அதோடு நின்றது.

"அப்பா, டைட்டா இருக்குதுப்பா."

"புதுசு அப்படித்தான் கண்ணு. தம் புடி." கீழே பிடித்துப் பலமாக இழுத்தேன்.

ரிப் அவள் மூக்கின்மேல் வந்து இறுகியது. இரண்டு காதும் மடங்கிக்கொண்டன. மேலே தூக்கினால் ஹேர்கிளிப் சிக்கி அலறுகிறாள். கீழே இழுத்தால் வாய் அடைபடுகிறது. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி சட்டைக்குள் மாட்டிக்கொண்டன. மஞ்சள் பைக்குள் கட்டிய கோழி மாதிரி அவள் சுற்றிச் சுற்றி ஓட, பின்னால் நான்.

திருப்பூரில் நாலு பெற்றோர் கூடினால் மூன்று பேர் பனியன் தொழில். கூட்டம் கூடியது. உதவிக்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பித்தது.

"ரிப்புல இழுப்பே விடலீங்களே."

"இது ஓவர்லாக்கே இல்லீங்க. நேர்த்தையல், அதுலயும் டபுள்!"

"எப்படீங்க இது செக்கிங்ல பாஸ் ஆச்சு?"

"எங்கீங்க வாங்குனீங்க?" என்று ஒருவர் என்னையே கேட்டார்.

"கடையிலீங்க" என்றேன். வாய் கூசவில்லை.

கதையை இந்த இடம் வரைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் என் மச்சான் நடித்தே காட்டுவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இனி வருவதை அவர் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாது.

பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வெட்டாதீங்க சார். கொஞ்சம் இருங்க, வெட்டாம எடுத்துடலாம்" என்றேன். இருபது நாள், ஒரு மூட்டை வேஸ்ட், அதற்குப் பிறகு வந்த முதல் நல்ல கழுத்து. அதை வெட்டுவதா?

மகளுக்கு வீசிங் உண்டு. அது எனக்குத் தெரியும். உள்ளே அவள் அலறல் நின்றுபோயிருந்ததும் காதில் விழுந்தது. அடங்கிவிட்டாள், இப்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"கைய எடுங்க சார்!"

ஜெபா. அவர் பையனும் அதே பள்ளி. கைப்பையில் எப்போதும் கிடக்கும் பிசிர் வெட்டும் கத்தரியை எடுத்து, ரிப்புக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்து, இரண்டே வெட்டு. வெளியே வந்த முகத்தில் உதடு வெளிறி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க மாஸ்க்கைக் கொண்டுவந்தபோது, முகத்துக்கு நேரே வருகிறதே என்று நர்ஸைக் கடித்துவிட்டாள். மாலை வரை அவள் நெஞ்சு சீழ்க்கை அடித்தது. கவிதா வந்து மகளின் காது மடலைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் மிஷின் பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் ஜெபா போன் செய்தார்.

"சார், இதோட நிறுத்துனியன்னா, நீங்க தைச்ச கடைசிக் கழுத்து அதாத்தான் இருக்கும். யோசிச்சிக்கிடுங்க."

யோசித்தேன். மறுநாள் போய் உட்கார்ந்தேன். மறுபடியும் அப்பளம், மறுபடியும் கொட்டாவி. நான் தைத்தது திரும்பி வராமல் செக்கிங்கைத் தாண்ட இன்னும் ஐந்து மாதம் ஆனது.

தர்ஷினி ஒரு வருடம் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையைத் தவிர எதையும் போடவில்லை. ஊரே பனியன் தைக்கிறது, என் மகள் பனியன் போட மாட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கொண்டுவந்து வைத்திருந்த நீல டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தாள். கழுத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"அப்பா, அன்னிக்கு வெட்டாதீங்கன்னு சொன்னது நீங்கதானே?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"உள்ள கேட்டுச்சுப்பா."

"ஆமா கண்ணு. நான்தான்."

அவள் டி-ஷர்ட்டை உதறிப் பிரித்தாள். "கத்தரிய எடுத்துட்டு வந்து பக்கத்துல நில்லுங்க. அப்பறம் போடறேன்."

இப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் தைக்கும் டி-ஷர்ட்டைத்தான் போடுகிறாள். ஆனால் புதிது எதுவானாலும் முதல் தடவை நான் கத்தரியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். "அப்பா, டூட்டி!" என்று கூப்பிடுவாள், வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய் நிற்பேன். தலை வெளியே வந்ததும் அவள் கண் முதலில் என் கையைப் பார்க்கிறது. அப்புறம்தான் என் முகத்தை.