புரியல அக்காவின் நாலு எழுத்து

புரியல அக்காவுக்கு உண்மையிலேயே புரியவில்லையா, இல்லை எல்லாம் புரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாரா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஒரு நாள் இப்படித் தோன்றும், மறுநாள் அப்படித் தோன்றும். எனக்கு எல்லாமே அப்படித்தான். அடுப்பு கேஸை மூடினேனா இல்லையா என்பதுகூட. ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்த மனிதர்களில் 'புரியல' என்ற சொல்லை அவர் அளவுக்குப் பயன்படுத்தியவர் யாரும் இல்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை.

என் மகள் மதி கடலூரில் ஒரு பள்ளியில் ஏழாவது படித்தபோது நடந்தது இது. பள்ளியின் பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள் வரும். முன்பக்கம் வாரச் செய்தி: யார் கபடியில் ஜெயித்தார்கள், யாருக்குப் பிறந்தநாள், என்ன காய்கறி சாப்பிடலாம். பின்பக்கம் 'பெற்றோர் கவனத்திற்கு'. அடியில் புள்ளிக்கோடு போட்டு ஒரு துண்டு. அதில் 'படித்தேன். புரிந்தது. சம்மதிக்கிறேன்' என்று மூன்று வார்த்தை. கையெழுத்துப் போட்டுக் கிழித்துத் திங்கட்கிழமை கொடுத்தனுப்ப வேண்டும். கொடுக்காத பிள்ளை முதல் பீரியட் முழுக்க நிற்க வேண்டும்.

நான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கையெழுத்துப் போட்டு, அது கசங்கிவிடுமோ என்று கணக்கு நோட்டில் வைத்து, கணக்கு நோட்டை மறந்துவிடுவாளோ என்று டிபன் பாக்ஸ் பையில் வைத்து, சாம்பார் கொட்டிவிடுமோ என்று மறுபடியும் கணக்கு நோட்டிலேயே வைக்கிற ஜாதி.

புரியல அக்காவின் மகள் கயல் மதியுடன் படித்தாள். அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில். பிரின்சிபால் சார் முக்கால் மணி நேரம் பேசி முடித்துக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். "புரிஞ்சுது சார்" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நீளக் கறுப்புக் குடை மேலே எழுந்தது. குடைக்குக் கீழே ஒரு கை, கைக்குக் கீழே ஒரு அம்மா.

"புரியல சார்."

"எது புரியலம்மா?"

"முதல்லேர்ந்து சார்."

சார் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று மதியம் கடலூரில் பாதி வீடுகளில் சாதம் வடிக்கவில்லை. பெயர் மட்டும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருடைய துண்டில் 'புரிந்தது' கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். மேலே நீல மையில் 'புரியல' இருக்கும். பக்கத்தில் காரணமும் இருக்கும்.

மழைக்காலத்தில் தாளில் ஒரு வரி வந்தது: 'கனமழை பெய்தால் விடுமுறை பற்றிப் பின்னர் தெரிவிக்கப்படும்.' அக்கா எழுதினார்: 'பின்னர் என்றால் எத்தனை மணி? பிள்ளை நனைவதற்கு முன்பா, நனைந்த பிறகா? புரியல.' அடுத்த வாரம் 'காலை ஆறு மணிக்குள் தெரிவிக்கப்படும்' என்று மாறியது. அந்த ஆறு மணிச் செய்தியைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் இட்லி ஊற்றலாமா, இன்னொரு தூக்கம் போடலாமா என்று முடிவு செய்தோம். ஒருத்தியும் அவருக்கு நன்றி சொல்லவில்லை, நான் உள்பட.

ஆண்டு விழா வந்தது. 'ஒத்திகையில் எல்லா மாணவர்களும் மகிழ்ச்சியுடன் கலந்துகொள்ள வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' அக்கா எழுதினார்: 'வரலைன்னா நடவடிக்கையா, மகிழ்ச்சியா இல்லைன்னா நடவடிக்கையா? புரியல.' அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அறிவிப்பு மறுபடியும் வந்தது. 'மகிழ்ச்சியுடன்' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். நடவடிக்கை அப்படியே இருந்தது.

எங்கள் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவரை மூன்று முறை நீக்கினார்கள். மூன்று முறையும் அட்மின் அம்மாவே திரும்பச் சேர்த்தார். பகலில் "நெகட்டிவ் ஆளுங்க நமக்கு வேணாம்" என்பார். சாயங்காலம் தனியாகப் போன் போட்டு, "அக்கா, அந்த ரெண்டாவது பாயின்ட் உங்களுக்கு எப்படிப் புரியல?" என்று கேட்பார்.

நான் என்ன செய்தேன்? கேட்டில் அவர் வருவது தெரிந்தால் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்து நிற்பேன். அவரோடு பேசுவதை மிஸ் பார்த்துவிட்டால் மதிக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். மரம் சின்னது, அவர் கண்ணாடி பெரியது.

"இன்னாம்மா, மரத்துக்குப் பின்னாடி? கையெழுத்துப் போட்டுட்டியா?"

"வெள்ளிக்கிழமையே போட்டுட்டேங்க்கா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சி."

"நீ எம்.எஸ்சி.தானே?"

"எம்.காம்."

"அதான். நான் மங்கலம்பேட்டையில பன்னெண்டாவது. எனக்குப் புரியல."

சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் பிடிக்கப் போய்விடுவார். தினமும் எதற்குச் சிதம்பரம் போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ஏதோ கடையில் வேலை என்று குரூப்பில் சொல்லிக்கொண்டார்கள். வேலை செய்கிற இடத்திலும் முதலாளிக்குத் தினம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன். போட்டபின் அழிக்கலாமா என்று பதினைந்து நிமிடம் யோசித்தேன். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை வந்த தாளின் பின்பக்கத்தில் நாலாவது அறிவிப்பு இது: 'ஒழுக்கத்தைப் பேணும் பொருட்டு, வகுப்பு நேரத்தில் மாணவ மாணவியர் கழிவறை செல்ல அனுமதி இல்லை. இடைவேளையில் மட்டுமே செல்லலாம்.' ஒழுக்கம் என்று போட்டிருந்ததால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். கணக்கு நோட்டில் வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். மதியின் தண்ணீர் பாட்டில் காலையில் நான் நிரப்பிய அளவிலேயே இருந்தது. மறுநாளும் அப்படியே.

"ஏன்டி தண்ணியே குடிக்கல?"

"குடிச்சா வரும்மா."

"வந்தா இடைவேளையில போ."

"இடைவேளையில எல்லா கிளாஸும் வரும். நாலு கதவுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல. நான் போறதுக்குள்ள பெல் அடிச்சிடும். அப்புறம் மிஸ் விட மாட்டாங்க. அதான் நான் குடிக்கிறதே இல்ல."

ஏதோ சின்னக் கணக்குக்கு விடை சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்த வாரமே அடிவயிற்றில் வலி, குளிர்க் காய்ச்சல். டாக்டர் அம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா? நீங்க கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டார். தினமும் பாட்டில் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கூடவே ஒரு கையெழுத்தும் கொடுத்தனுப்பியது நினைவுக்கு வந்ததால் சொல்லவில்லை.

பள்ளிக்கு எழுதலாமா? எழுதினால் மதியை நிற்க வைப்பார்களா? ஒருவேளை விதி சரிதானோ, நான்தான் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறேனோ? இப்படியே மூன்று நாள் ஓடியது. நாலாவது நாள், பட்டா பெயர் மாற்றத்துக்காக என் மாமியாரோடு சிதம்பரம் தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

"மனு எழுதணும்னா வெளிய ஒரு அம்மா இருக்காங்க, அவுங்ககிட்ட போங்க. அவுங்க எழுதினா திரும்பி வராது" என்று வாசலில் ஒருவர் சொன்னார்.

காம்பவுண்டு சுவரோரம் ஒரு மடக்கு மேஜை. மேஜைக்கு மேலே கட்டப்பட்ட நீளக் கறுப்புக் குடை. குடைக்குக் கீழே புரியல அக்கா.

லால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்து, அரை மணி நேரக் கதையை முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வாய்க்கால் வந்தது, ஒரு மைத்துனர் வந்தார், ஒரு எருமையும் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா எழுதிப் படித்துக் காட்டினார். ஆறே வரி. வாய்க்கால் தன் இடத்தில் இருந்தது, மைத்துனர் தன் இடத்தில் இருந்தார், எருமை அவசியமில்லை என்று விடப்பட்டிருந்தது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதத்தாம்மா நான் நெனச்சேன்" என்றார்.

நான் முன்னால் போனேன். "அக்கா!"

"வரிசையில வாம்மா."

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்ததும் பட்டாவை மறந்துவிட்டு, "அக்கா, ஊர்ல இருக்கற சட்டம் எல்லாம் உங்களுக்குப் புரியுது. அந்த ஒரு தாளா புரியல?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "ஊருக்கு எழுதறப்ப எல்லாம் புரியுதும்மா. எம்பொண்ணுன்னு வரும்போது ஒண்ணும் புரிய மாட்டேங்குது. இன்னா பண்ணச் சொல்ற?"

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் மதியின் பாட்டில் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என் மாமியார், "பட்டாவுக்கு ஏன்டி அழுவற, வரலைன்னா போவுது" என்று முதுகைத் தட்டினார்.

"எனக்கு ஒரு மனு எழுதித் தாங்கக்கா. பள்ளிக்கூடத்துக்கு."

"மாட்டேன்."

"ஏன்க்கா?"

"அந்த நாலாவதுக்கு நான் அன்னைக்கே எழுதிட்டேன். வழக்கமா எழுதற அம்மான்னு இந்தத் தடவை குப்பையில போட்டுட்டாங்க. நீ எழுது. ஒரு வருஷமா 'புரிஞ்சுது'ன்னு எழுதினவளுக்குப் புரியலைன்னா சாரு சேர்லேர்ந்து எழுந்துடுவாரு. நாலு எழுத்துதான்மா. ஸ்பெல்லிங் கூட ஈஸி. பட்டா எங்க, கொண்டா."

அந்த வெள்ளிக்கிழமை தாளை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சிலில் எழுதிப் பார்த்தேன், அழித்தேன். 'புரியல' மரியாதையாக இல்லையோ என்று 'புரியவில்லை' என்று எழுதினேன். அது திமிராக இருக்கிறதோ என்று முன்னால் 'தயவுசெய்து' சேர்த்தேன். 'தயவுசெய்து புரியவில்லை' என்று வந்தது. அதையும் அழித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். முன்பக்கம் வாரச் செய்தியில் பெரிய எழுத்தில் இருந்தது: 'கோடைக்காலம் நெருங்குகிறது! பிள்ளைகளே, நிறையத் தண்ணீர் குடியுங்கள்!' பின்பக்கம் திருப்பினேன். அதே நாலாவது அறிவிப்பு, நினைவூட்டல் என்று மறுபடியும். முன்னே திருப்பினேன். பின்னே திருப்பினேன். ஒரு வருஷமாக இந்தத் தாளுக்கு இரண்டு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

பேனாவில் எழுதினேன். மையில். அழிக்க முடியாதபடி: 'முன்பக்கம் தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள். பின்பக்கம் கழிவறை போகக் கூடாது என்கிறீர்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கா? புரியல.'

திங்கட்கிழமை பத்தரைக்குப் போன் வந்தது. பதினொன்றுக்குப் பிரின்சிபால் அறையில் நின்றேன்.

"நீங்க நல்லா படிச்சவங்க. அந்தக் குடை அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?"

"இல்ல சார். எனக்கேதான் புரியல."

"எது புரியல?"

இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த முதல் வாக்கியம் இதுதான்: "முதல்லேர்ந்து சார்."

சார் உண்மையிலேயே சேரிலிருந்து எழுந்தார். மேஜையில் என் துண்டோடு இன்னும் சில துண்டுகள் கிடந்தன. மேலே இருந்ததில் அட்மின் அம்மாவின் சாய்வு எழுத்து. 'நாலாவது எனக்கும் புரியல' என்று மட்டும் இருந்தது. குரூப்பில் அன்றுவரை ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

அந்த வாரமே தாழ்ப்பாள்கள் வந்தன. அடுத்த தாளில் 'தேவைப்படும் மாணவ மாணவியருக்கு எந்நேரமும் அனுமதி உண்டு' என்றிருந்தது. மதியின் பாட்டில் இப்போது காலியாக வருகிறது. மூடியையும் தொலைத்துவிட்டு வருகிறாள், அது வேறு கதை. வகுப்பில் அவளை 'புரியல ஜூனியர்' என்று கூப்பிடுகிறார்களாம். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "கயலுக்குத்தாம்மா அந்தப் பேரு வரணும், எனக்குக் குடுத்துட்டாங்க" என்றாள், முதல் ரேங்க் வாங்கியவள் மாதிரி.

அந்த வருஷக் கடைசியில் அக்கா, பஸ் அலைச்சல் தாங்கவில்லை என்று கயலைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கே குடிபோய்விட்டார். எட்டாம் வகுப்பின் முதல் வெள்ளிக்கிழமை தாள் வந்தது. இப்போது நான் இரண்டு பக்கமும் படிக்கிறேன். அடியில் புள்ளிக்கோட்டுக்குக் கீழே 'படித்தேன். சம்மதிக்கிறேன்' என்று மட்டும் இருக்கிறது. 'புரிந்தது' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். அடிப்பதற்கு இனி வார்த்தையே இல்லை. பின்பக்கத்தில் ஏழாவது அறிவிப்பு: சனிக்கிழமையும் வகுப்பு உண்டு, 'விருப்பமுள்ளவர்கள் கட்டாயம் வர வேண்டும்.'

வாசகர்களே, நான் என்ன எழுதட்டும்? திங்கட்கிழமை துண்டு கொடுத்தாக வேண்டும். உங்கள் பதில் அதற்குள் வராது என்று தெரியும். பரவாயில்லை, எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமைகளுக்குப் பஞ்சமே இல்லை. நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லுங்கள். 'புரியல' மட்டும் வேண்டாம். அதை ஒரு முறை அக்காவிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டேன். இனி அவர் வந்து எழுதும்வரை அந்த வார்த்தை அவருக்காகவே இருக்கட்டும். எனக்கு வேறொன்று சொல்லுங்கள்.