கெடாத ஜட்டிக்கு முதல் பரிசு

மனிதகுலம் சுத்தத்தில் எட்டிய உச்சம் எது என்று யாராவது கேட்டால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எங்கள் ஊர் மண்வளக் குழுத் தலைவர் நெவில் க்ராட்ஸ்மனின் ஜட்டியைத் தயங்காமல் காட்டுவேன். நான் அக்குழுவின் செயலாளர். கல்லூரி விடுமுறையில் வேறு வேலை கிடைக்காததால் வந்த பதவி.

ஜட்டி புதைத்து மண்ணைச் சோதிப்பது எங்கள் வழக்கம். பண்ணைக்காரர்கள் ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தி ஜட்டியைப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டுவார்கள். மண்ணில் உயிர் இருந்தால் துணியைத் தின்றுவிடும். இடுப்பு எலாஸ்டிக்தான் மிஞ்சும். யார் ஜட்டியில் ஓட்டை அதிகமோ, அவருக்குக் கோப்பை.

நெவில் பன்றி வளர்க்கிறார். நோய் வரும் முன்பே தீவனத்தில் விதவிதமான ஆன்டிபயாடிக் கலந்துவிடும் 'தீர்க்கதரிசி'. பன்றிக் கழிவு முழுவதும் அவர் வயலுக்கே உரம்.

அந்த வயலில் ஜட்டியைத் தோண்டியவர் அவர் தம்பி கிளாரி. மண்வெட்டி அவர் காலை லேசாகக் கீறியது. ஜட்டியோ கடையில் வாங்கியபடியே வெளியே வந்தது.

"அண்ணே, ஒரு நூல்கூடப் பிரியல. உன் மண்ணு செத்துப்போச்சு."

"செத்துப்போகலடா, சுத்தமா இருக்கு. ஆஸ்பத்திரித் தரைகூட இப்படி இருக்காது."

"பரிசு ஓட்டைக்குத்தானே?"

"விதியை மாத்திடலாம்."

குழு கூடியது. பீரும் ஸாஸேஜும் தலைவர் செலவு என்பதால், 'ஆழ்ந்த விவாதம்' முதல் ஸாஸேஜ் வேகும் முன்பே முடிந்தது. ஓட்டையற்ற ஜட்டியே உயர்ந்த மண்ணின் அடையாளம் என்ற தீர்மானத்தை நானே எழுதினேன்.

கோப்பை வழங்கிய அன்று கிளாரி ஆஸ்பத்திரியில் இருந்தார். மண்வெட்டி கீறிய கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. போட்ட மருந்து எதற்கும் கேட்கவில்லை. விழா முடிந்த கையோடு நெவில் அங்கே போனார். செயலாளர் என்ற முறையில் நானும் போனேன்.

"உங்க பன்னிங்களுக்கு என்ன மருந்து குடுக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர் அம்மா.

நெவில் பெருமையாக ஒவ்வொரு பெயராகச் சொன்னார்.

"அதையெல்லாம்தான் இவருக்கும் போட்டுப் பாத்தோம். உங்க மண்ணுல மத்த கிருமியெல்லாம் போயிடுச்சு. எந்த மருந்துக்கும் அசையாததுதான் மிச்சம். அதுதான் இவர் கால்ல இருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும்."

கிளாரி அண்ணன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"அண்ணே, எடுத்த காலை உன் வயல்லயே பொதைச்சிடு. கெடாது. அடுத்த வருஷமும் கோப்பை உனக்குத்தான்."

"போட்டி ஜட்டிக்குத்தானேடா," என்றார் தலைவர்.

பிறகு தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விதியை மாத்திடலாம்."