எந்தக் காலு வலிக்கி?

முழங்கால் மிலிட்டரியைப் போல ஆரோக்கியமான நோயாளி இந்தப் பூலோகத்திலேயே கிடையாது. எழுபது வயதில் சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிள் மிதித்துப் போய்ப் பால்கோவா வாங்கி வந்து, அதை எங்களுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, "எந்திரிக்கவே ஏலல தாயி" என்று முனகுவார்.

குடும்ப நலப் பணியாளர்களை உருவாக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய பயிற்சி அது. ஒன்றில் நான், மற்றதில் ஸ்டெல்லா. இருவருக்கும் தனித்தனிப் படிவம். அவர் வீட்டுக்குச் செவ்வாய் நான் போவேன், வெள்ளி அவள். குறை ஏதும் இல்லாத வீட்டுக்கு ஒரே தடவைதான். குறை இருந்தால் வாராவாரம். இந்த விதியை முதல் நாளே நான் அவரிடம் உளறித் தொலைத்தேன். மனைவி இறந்துவிட்டார், மகன் பெங்களூரில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மனுஷர் ஒண்டிக்கட்டை. "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தவர், சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

பிறகென்ன, வாராவாரம் முறுக்கும் பட்டாளத்துக் கதையும்தான். கிளம்பும்போது நான் படிவத்தை எடுத்தால்தான் அவருக்கு வலி ஞாபகம் வரும். "அடடா, மறந்தே போச்சு! யம்மா, என்னா வலி!"

மாதக் கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து படிவங்களை ஒப்பிட்டார்கள். என் படிவத்தில் இடது கால், ஸ்டெல்லாவுடையதில் வலது. உங்கள் பிள்ளைதான் தப்பு என்று பேராசிரியர்கள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் எல்லோரும் வேன் ஏறி அவர் வீட்டுக்கே போனோம். மிலிட்டரி கூரைமேல் நின்று ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எந்தக் கால் வலிக்குது?" என்று கீழிருந்து கேட்டார் ஒரு பேராசிரியர்.

மேலிருந்து எங்களைப் பார்த்து விழித்தார். "ஏட்டி ஸ்டெல்லா, இன்னைக்கு என்ன கெழம?"

"புதன், தாத்தா."

"புதனுக்கு நான் ஒண்ணும் யோசிச்சு வைக்கலியே!"

பேராசிரியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து வேட்டியை உதறிக்கொண்டே, "அப்பம் இனிமே வரமாட்டியளா?" என்றார்.

ஸ்டெல்லா என் படிவத்தை வாங்கி எழுதினாள்: 'தனியாக இருக்கிறார். வாராவாரம் பார்க்க வேண்டும்.' அந்தப் பயிற்சி முழுவதிலும் இரண்டு பல்கலைக்கழகங்களும் வாதாடாமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

போன வருஷம் மகன் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் இப்போது ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போகிறேன், எல்லா வீட்டிலும் முறுக்கும் தருகிறார்கள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நேற்றும் செவ்வாய். போன் போட்டேன்.

"தாத்தா, எனக்கு முழங்கால் வலிக்கி."

"எந்தக் காலு தாயி?" என்றார்.

"தெரியல தாத்தா. நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க."