நிறுத்தக்குறிக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

கணினியின் தலையாய உறுப்பு பிராசஸர் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருசேர நம்பி வருகிறார்கள். சிலர் மதர்போர்டு என்பார்கள். விவரம் தெரிந்தவர்களாகத் தங்களை நினைத்துக்கொள்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு என்று சொல்லிவிட்டு நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மூன்றும் பிழை. கல்யாணமானவன் வாங்கும் கணினியில் தலையாய உறுப்பு, "இது எதுக்குங்க?" என்ற கேள்விக்கான பதில். அது கடையில் கிடைக்காது. வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். சீக்கிரம் சூடாகிவிடும். அதற்கென்று தனி விசிறியும் கிடையாது.

நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 'ப' வரிசை என் பொறுப்பு. பல வருடங்களுக்கு முன் முனைவர் பட்டத்துக்காகக் கைடு ஒருவரிடம் சேர்ந்து, நிறுத்தக்குறிகளின் வரலாறு என்று ஓர் ஆய்வைத் தொடங்கினேன். காற்புள்ளி வரை வந்து நின்றுவிட்டது. நிற்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது எனக்கும் தெரியும்.

என் மனைவி அவசர அழைப்பு மையத்தில் இருக்கிறாள். ஆம்புலன்ஸ் வேண்டுமென்று அலறுகிறவர்களிடம் நிதானமாகக் கேள்வி கேட்டு, யாருக்கு என்ன, எங்கே என்று உண்மையை வரவழைத்து, வண்டியை அனுப்புவது அவள் வேலை. இப்படிப் பயிற்சி பெற்ற ஒருத்தியை மணப்பவன் பொய் சொல்லும் உரிமையைத் துறந்துவிடுகிறான். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டுக் கர்னல். அவர் பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். கர்னல் என்பது கணினி விளையாட்டில் கிடைத்த பதவி. நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"சார், எங்க டீம்ல நாலாவது ஆள் ஊரை விட்டுப் போயிட்டான். அந்த இடத்தை உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

"எனக்கா? அன்னிக்கு உங்க வீட்டுல ஆடினப்ப உங்களையே சுட்டேனே?"

"அது மவுஸோட தப்பு சார். நல்ல மெஷின் மட்டும் இருந்தா நீங்க எங்கேயோ போயிடுவீங்க."

எங்கேயோ போகவேண்டும் என்ற ஆசை அந்தப் படியிலேயே பற்றிக்கொண்டது. வீட்டில் எப்படிச் சொல்வது? வளர்ந்த மனிதர்கள் கணினியில் சுட்டுக்கொள்வது நாகரிகத்தின் வீழ்ச்சி என்று சாப்பாட்டு மேசையில் பேருரை நிகழ்த்தியவன் நான். அதை வாபஸ் வாங்க வழியில்லை. ஆகவே ஆய்வைத் தூசி தட்டினேன்.

"என்னம்மா, ஆராய்ச்சியை முடிச்சுடலாம்னு இருக்கேன்."

"நல்ல விஷயம்தானே. முடிங்க."

"பழைய லேப்டாப் தாங்காது. படிப்புக்குன்னே தனியா ஒண்ணு, பார்ட் பார்ட்டாப் பொறுக்கிச் சேர்க்கணும்."

"சேருங்க" என்றாள். இவ்வளவு சுலபமாகக் கதவு திறந்தால் உள்ளே யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்கள் நான் 'ப' வரிசையைப் படித்ததைவிட அதிகமாகப் பவர் சப்ளையைப் பற்றிப் படித்தேன். எந்த மதர்போர்டில் எந்த பிராசஸர் உட்காரும், எந்த கேபினெட்டில் எந்த கார்டு முட்டும், எந்த விசிறி முனகும் என்று ஒரு மூலப்பிரதியைப் பதிப்பிக்கிறவன் போல ஒப்புநோக்கினேன். உத்தரவாதச் சீட்டுகளைக்கூட விடவில்லை. அவற்றில் நிறுத்தக்குறிகளின் நிலைமை கவலைக்கிடம்.

பிறகு விசாரணை. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த கிராஃபிக்ஸ் கார்டு எதுக்குங்க?"

"பழைய ஏட்டுப் படங்களைப் பெரிசாக்கிப் பார்க்கணும். புள்ளின்னு நாம நினைக்கிறது புள்ளியா, பூச்சி அரிச்ச ஓட்டையான்னு கண்டுபிடிக்கணும்ல?"

"அதுக்கு இவ்ளோ பெரிய கார்டா?"

"பெரிய பூச்சி."

"சரி. ஸ்கிரீன் ஏதோ வேகமா மாறும்னீங்களே?"

"ஒரு செகண்டுக்கு நூத்தி நாப்பத்திநாலு தடவை புதுப்பிக்கும்."

"ஏட்டுல இருக்கிற புள்ளி நகருமா?"

"நகராது." யோசித்தேன். "ஆனா, நகர்ந்துட்டா?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"கீபோர்டுல எதுக்குங்க கலர் கலரா லைட்டு?"

"கரண்ட் போனா எழுத்து தெரியணுமே."

"கரண்ட் போனா லைட்டு எப்படி எரியும்?"

"அது... ஒரு நம்பிக்கைதான்."

"ஹெட்ஃபோன்? அரைப்புள்ளிக்குச் சத்தம் உண்டா?"

"அமைதியா படிக்க வேண்டாமா?"

"அதுல மைக் வேற நீட்டிக்கிட்டு இருக்கே."

"கைடுகிட்டப் பேசத்தான்!" என்றேன். பதில் இவ்வளவு வேகமாக வந்ததில் எனக்கே பெருமை.

"ஓ, கைடுகிட்டப் பேசப் போறீங்களா?" என்றாள் அவள். "நல்லது." துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வழக்கு தள்ளுபடியானதாக நினைத்து நான் விசிலடித்தேன்.

கடைக்கு அவளும் வந்தாள். கடைக்காரர் என் தேர்வுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேமிங்குக்கா சார்?"

"ஆராய்ச்சிக்கு."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க" என்று ஆறுதலாகச் சொன்னார்.

நான் சிக்கனக் கணவனாகத் தோன்றுவதற்காக, பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறியில் சாதாரண ரகத்தைத் தொட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது வேணாங்க. ரொம்ப நேரம் ஓடினா சூடாயிடும். பெரிசா எடுங்க."

திரும்பிப் பார்த்தேன். என் மனைவிதான்.

"எங்க சென்டர்ல இந்த மாதிரிதான் ஒண்ணு நின்னு போச்சு. ஆபத்துல இருக்கிறவங்களை நடுவுல விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

நிறுத்தக்குறி ஆராய்ச்சியில் யார் ஆபத்தில் இருப்பார்கள் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். பெரிய விசிறி கிடைத்த மகிழ்ச்சியில் கேட்கவில்லை. நாற்காலியையும் அவளே தேர்ந்தெடுத்தாள். அதில் நன்றாகச் சாய்ந்து, சுழன்று, கால் எட்டுகிறதா என்று பார்த்து, "இது சரியா இருக்கு" என்றாள். என் மனைவிக்கு என் முதுகின்மேல் இத்தனை அக்கறையா என்று நெகிழ்ந்தேன்.

கணினியைச் சேர்த்து முடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்னல் வந்தார். நான் ஸ்குரூக்களை நீட்ட, அவர் முடுக்கினார். பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விசிறிகள் நீலமும் ஊதாவுமாகச் சுழன்றன. ஒரு சத்தமில்லை. பாகங்கள் அத்தனையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. எனக்குக் கண் கலங்கியது. கர்னல் ஆட்டத்தை ஏற்றினார். கோட்டை வாசல் திரையில் தெரிந்தது. நான் மவுஸைத் தொடப் போனேன். வாசலில் மணி அடித்தது.

வந்தவர் என் ஆய்வு நெறியாளர். கையில் ஒரு கனத்த பை.

"என்னய்யா!" என்று என்னைத் தோளோடு அணைத்தார். "உன் மனைவி போன் பண்ணிச் சொன்னாங்க. என்கிட்டப் பேசறதுக்குன்னே மைக் வாங்கியிருக்கியாமே? நான் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகறேன். என் மாணவர்கள்ல முடிக்காதவன் நீ ஒருத்தன்தான். அந்தக் குறையோட போகணுமோன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் குரல் லேசாக நடுங்கியது. அப்படி நடுங்குகிற குரலிடம், ஐயா, நான் கோட்டை பிடிக்கப் போகிறேன் என்று சொல்லும் கல்நெஞ்சு எனக்கில்லை.

"முடிச்சுடறேன் ஐயா" என்றேன்.

அவர் கணினியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நீலம் அவர் வழுக்கையில் பட்டது. ஊதா பட்டது.

"இது எதுக்கு?"

"அவர் ஆராய்ச்சிக்குங்க ஐயா" என்றாள் என் மனைவி, காபியை நீட்டியபடி. "ஒவ்வொண்ணும் படிப்புக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கினது."

"இதுக்கு முன்னாடி உக்காந்தா எவனுக்குய்யா படிப்பு ஏறும்? திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பான்." பையைத் திறந்தார். ஒரு பூதக்கண்ணாடி. ஒரு கட்டுப் பென்சில். ஏட்டுப் பிரதிகள். "இது போதும் உனக்கு. எழுதறதுக்கு அந்தப் பழைய லேப்டாப் இருக்குல்ல? வாராவாரம் ஞாயித்துக்கிழமை நான் வந்து பார்க்கறேன்."

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஹெட்ஃபோன் தலையில் ஏறியிருந்தது. கால் தரையில் மிகச் சரியாக எட்டியது.

"என்னம்மா பண்றே?"

"சும்மா கிடந்தா கெட்டுப்போகும்ங்க."

அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். திரையில் ஒரு பெயர் வந்தது. பெயருக்கு முன்னால் பிரிகேடியர் என்றிருந்தது. கர்னல் எழுந்து நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு சீலிங் ஃபேனை ஆராயத் தொடங்கினார்.

"நீ... எப்ப?"

"பகல்ல டியூட்டி இல்லாத அன்னிக்கெல்லாம் இவங்க வீட்டு அக்கா கம்ப்யூட்டர்லதான். அவங்களுக்கும் அது வேணும்ல? எத்தனை நாள் கடன் கேக்கறது?"

"அப்ப நாலாவது ஆள்...?"

"நான்தாங்க. அது எப்பவோ முடிவாயிடுச்சு. மெஷின்தான் இல்ல."

"என்னய்யா, நீங்க எனக்குன்னு வெச்சிருக்கேன்னீங்களே!" என்று கர்னலைப் பிடித்தேன்.

"அண்ணிதான் சார் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. மேலதிகாரி உத்தரவு" என்றார் ஃபேனிடம்.

"ஏம்மா, எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நாகரிகம் வீழ்ந்துடும்னு பேசுவீங்க." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதில் கேலி பாதிதான் இருந்தது. "அதோட, கடைக்காரன் பேச்சைக் கேட்டு நான் வாங்கினா ஏதாவது ஒண்ணு பொருந்தாம போயிருக்கும். உங்களை மாதிரி ஒரு ஸ்குரூ விடாம படிச்சு யாருங்க பொறுக்கித் தருவா? நல்லா அமைஞ்சிருக்கு. உண்மையாத்தான் சொல்றேன்."

உண்மையாகத்தான் சொன்னாள். நன்றாகத்தான் அமைந்திருந்தது. என் தேர்வை ஒருவர் இப்படிப் பாராட்டி வெகுகாலமாகிறது. கோபப்பட நினைத்து வாயைத் திறந்தேன். "அந்தப் பெரிய விசிறி நல்ல யோசனை" என்றுதான் வந்தது.

ஆட்டம் தொடங்கியது. கர்னல் வேகமாக எதிர்வீட்டுக்கு ஓடினார். எங்கோ இருக்கும் அணிக்காரன் ஒருவன் சூழப்பட்டுவிட்டேன் என்று அலறுவது ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டது. என் மனைவி அலுவலகக் குரலில் பேசினாள்.

"பதறாதீங்க. இப்ப எங்க இருக்கீங்க? பக்கத்துல என்ன தெரியுது? சுவர் ஓரமா அப்படியே நில்லுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

காபி ஆறுவதற்குள் கோட்டை விழுந்தது.

இப்போது மாலை வேளைகளில் அந்த அறையில் இரண்டு பேரும் இருக்கிறோம். அவள் ஊர்களை மீட்கிறாள். நான் ஜன்னலோரம் பூதக்கண்ணாடியோடு அரைப்புள்ளியைத் துரத்துகிறேன். இரண்டும் நடுநடுவே கைக்குச் சிக்குகின்றன. சிக்கினால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். இரண்டாம் அத்தியாயத்தை நெறியாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

போன வாரம் அணியிலிருந்து ஒரு புகார் வந்தது. நான் பென்சில் சீவும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறதாம்.

இப்போது சமையலறையில் எழுதுகிறேன்.