இரு வயலுக்கு ஒரு கோடு

மலையுச்சியில் நின்று பார்த்தால் முழுவதும் கண்ணில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்ன நாடு வரைபுரி. ஆண்டுக்கு ஒருமுறை அரண்மனை ஓவியர் மலையேறி நாட்டைப் படமாக எழுதி வருவார். அந்தப் படத்தின் மேல் குடிகள் தங்கள் வயலைச் சுற்றிக் கோடு போட வேண்டும். அதுதான் பட்டா.

அப்போதெல்லாம் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்தேதான் உட்கார்வார்கள். ஒருவர் புள்ளி வைப்பார். மற்றவர் அதே புள்ளியில் விரலை வைத்து, "சரிதான், அடுத்தத வை" என்பார். புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு வயலுக்கும் ஒரே கோடு. வரப்பு வளையும் இடத்தில் வாக்குவாதம் வரும், வெற்றிலைப் பெட்டி கைமாறும், கோடு முடிவதற்குள் சில வீடுகளில் சம்பந்தமே பேசி முடித்திருப்பார்கள். 

புதிய அரசர் வந்தார். வரைவுத்துறை அமைச்சர் பராக்கிரமர் முரசறைவித்தார்: "அடுத்தவன் புள்ளியில் விரல் வைப்பது அடிமைத்தனம். இனி ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் தனியாக அமர்ந்து, தம் எல்லையைத் தாமே வரைவர்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் கைதட்டினோம்.

தனித்தனியாகப் போட்ட கோடுகள் ஒட்டவில்லை. வடிவாம்பாளின் கோட்டுக்கும் பக்கத்து வயல் மாசிலானின் கோட்டுக்கும் நடுவே படத்தில் மயிரிழை இடைவெளி. தரையில் அது பத்து முழம். இருவரும் இறைத்துக்கொண்டிருந்த கிணறு அதற்குள் போய்விட்டது. எந்தக் கோட்டிலும் அடங்காத நிலம் அரண்மனைக்கே என்று ஆணை வந்தது. கிணற்றடியில் காவலாள் நின்றான். மிளகாய் நாற்று வாடத் தொடங்கியது.

முறையிட்டார்கள். "அரசர் கருணைக்கடல். அவரவர் எல்லையை ஒரு விரல் அகலப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றார் அமைச்சர். கோடுகள் இப்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கிணறு இருவர் நிலத்திலும் இருந்தது. ஆகவே அது தகராறுக்குரிய சொத்து. தகராறு தீரும்வரை அரண்மனைப் பொறுப்பு. காவலாள் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. அதுவரை இல்லாத தகராறும் வந்தது. இரண்டு வீட்டாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கடைசியில் வடிவாம்பாள்தான் வரப்பைத் தாண்டிப் போனாள்.

"ஏண்ணே, ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா நாத்துக்குத் தண்ணி வந்துருமா?"

"நான் என்ன செய்யணுங்கிற தங்கச்சி?"

"புள்ளிய நான் வைக்கிறேன். விரல நீங்க வைங்க."

திரையை விலக்கிவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கிணற்றின் நட்டநடுவே கோடு போயிற்று. ஆளுக்குப் பாதி.

அமைச்சர் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இரண்டு எல்லைகள். ஒரு புள்ளிகூட விலகவில்லை. இது தற்செயலாக நிகழாது."

"சேந்துதான் போட்டோமுங்க" என்றார் மாசிலான்.

"கூட்டுச்சதியை ஒப்புக்கொள்கிறார். குறித்துக்கொள்ளும்" என்றார் அமைச்சர் எழுத்தரிடம்.

இருவரையும் அடுத்தடுத்த அறைகளில் அடைத்தார்கள். அரண்மனையே அளந்து கட்டிய சிறை அது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். எறும்பு நுழையக்கூட இடைவெளி இல்லை.